பார்ப்பது வேறு, காட்டுவது வேறு

ஒவ்வொரு கண்ணையும் ஆறு சிறு தசைகள் அசைக்கின்றன. அந்தத் தசைகளுக்கான மூன்று நரம்புகளும் மூளைத்தண்டில் புறப்பட்டு, மண்டைக்குள்ளேயே கொஞ்ச தூரம் ஓடிக் கண்குழியை அடைந்துவிடும். கைவிரலுக்குப் போகும் ஆணைக்கு வழி நீளம். மூளையின் மேற்பரப்பில் தொடங்கி, உள்ளே இருக்கும் வெண்பொருளைக் கடந்து, எதிர்ப்பக்கத்துக்கு மாறி, முதுகுத்தண்டில் இறங்கி, அங்கே இன்னொரு நரம்பணுவிடம் செய்தியைக் கொடுத்த பிறகே விரல் அசையும். இந்த நீண்ட பாதையில், குறைமாதக் குழந்தைகளுக்கு எளிதில் அடிபடுவது வெண்பொருள். நிறைமாதத்தில் பிறந்தும் பிறப்பின்போது ஆக்ஸிஜன் கிடைக்காமல் போன குழந்தைகளுக்கும், பிறந்த சில நாட்களில் கடுமையான மஞ்சள் காமாலை வந்து சிகிச்சை தாமதமான குழந்தைகளுக்கும், மூளையின் அடியாழத்தில் அசைவுகளைச் சீர்செய்யும் நரம்பணுக் கூட்டங்கள் பாதிக்கப்படலாம். அப்படிப்பட்ட பிள்ளை கையை நீட்ட நினைத்தால் தோள் முறுக்கிக்கொள்ளும், தலை பின்னால் போகும், வாய் கோணும். நினைத்த இடத்துக்குக் கை மட்டும் போய்ச் சேராது.

அரசு ஆவணங்கள் இதை மூளை முடக்குவாதம் என்கின்றன. தெரபிஸ்டுகளும் பெற்றோரும் ‘சி.பி.’ என்பார்கள். உலக அளவில் ஆயிரம் பிறப்புகளுக்கு இரண்டு முதல் மூன்று குழந்தைகளுக்கு இது வருகிறது. ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழுவினர் 2012இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குப் பேச்சு வருவதில்லை என்று தெரிந்தது. பேச்சும் வராமல், கையும் சொன்னபடி கேட்காமல் இருக்கும் பிள்ளைக்கு என்ன மிச்சம் என்று தேடியவர்கள் கண்ணில் வந்து நின்றார்கள்.

முசரவாக்கத்தை மனத்தில் வைத்துத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். காஞ்சிபுரத்தை ஒட்டிய கிராமம், பட்டுத்தறிச் சத்தம் பழகிய வட்டாரம். அங்கே ஒரு நெசவுக் குடும்பத்தில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நடை இல்லை, பேச்சு இல்லை, கை பிடிக்காது. ஆனால் யார் உள்ளே வந்தாலும் கண் திரும்பும். “எல்லாம் புரியுது அவளுக்கு, சொல்லத்தான் தெரியலை” என்று அம்மா சொல்வாள். இந்த வாக்கியத்தை இத்தகைய பிள்ளைகளின் தாய்மார் எல்லோருமே ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். அம்மாவின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அடுத்த படி என்ன என்பதுதான் அவளுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஐ-கேஸ்’ என்று அழைக்கப்படும் இந்தக் கருவி, கணினித் திரையின் அடி விளிம்பில் பொருத்தும் மெல்லிய பட்டை. அதிலுள்ள சிறு விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பிள்ளையின் முகத்தில் வீசும். கருவிழியின் பளபளப்பான மேற்பரப்பில் அந்த ஒளி பட்டு ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். கண் திரும்பும்போது கருவிழியின் நடுவிலுள்ள பாப்பா இடம் மாறும், அந்தப் புள்ளி மட்டும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கேமரா நொடிக்குப் பல பத்து முறை அளந்து, கண் திரையில் எங்கே பதிந்திருக்கிறது என்று கணக்குப் போடும். ஆளுக்கு ஆள் கண்ணின் அமைப்பு வேறு என்பதால் முதலில் அளவு சரிபார்க்க வேண்டும். திரையின் ஐந்து அல்லது ஒன்பது இடங்களில் ஒரு படம் தோன்றும், பிள்ளை ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு வெறும் புள்ளி போதும். பிள்ளைகளுக்குக் குதிக்கும் பூனையோ ஆடும் பொம்மையோ வைப்பார்கள். இத்தனை செய்தாலும், நல்ல நிலையில்கூட அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை பிசகும். 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் திரையில் ஒரு டிகிரி என்பது ஒரு சென்டிமீட்டர். ஆகவே திரையில் சின்னச் சின்னப் பொத்தான்கள் வைத்துப் பயனில்லை.

வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி ஏராளமாக உண்டு. ஓடு வேய்ந்த வீட்டின் முற்றத்திலோ ஜன்னலுக்கு எதிரேயோ கருவியை வைத்தால் கேமரா குழம்பிப்போகும். தறி போட்டிருக்கும் உள்ளறை இதற்கு ஏற்றது. உட்காரும் விதம் வெளிச்சத்தைவிட முக்கியம். இடுப்பு சரியாமல், பாதம் எதன்மேலாவது ஊன்றி, தலைக்குப் பின்னால் தாங்கல் இருந்தால்தான் பிள்ளையின் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். விழாமல் இருப்பதற்கே உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் “இங்கே பார், அங்கே பார்” என்று கேட்பது நியாயமே இல்லை. கருவி வேலை செய்யவில்லை என்று மூட்டை கட்டிய எத்தனையோ முயற்சிகளில், நாற்காலி சரியில்லாததுதான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வழி குறுகியது என்பதால் கண் தப்பித்துவிட்டது என்பதுபோல் நான் தொடங்கியதும் முழு உண்மை இல்லை. கண்ணை விரும்பிய பக்கம் திருப்பும் ஆணையும் மூளையின் மேற்பரப்பிலிருந்தே வருகிறது, அதுவும் அடிபடலாம். சி.பி. உள்ள பிள்ளைகள் பலருக்கு மாறுகண் உண்டு. சிலருக்குக் கண் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். இன்னும் சிலருக்குக் கண் நன்றாக இருந்தும், கண்டதைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி பாதித்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு நெரிசலான படம் ஒரே கலங்கலாகத் தெரியும், கறுப்புப் பின்னணியில் ஒற்றை மஞ்சள் பந்து வைத்தால் பார்த்துவிடுவாள். கண்ணாடி தேவையா, எந்தத் தூரத்தில் தெரிகிறது, எந்தப் பக்கம் தெரிகிறது என்பதையெல்லாம் பார்க்காமல் கருவிக்குப் போவதில் அர்த்தமில்லை.

இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு. கண் பிறவியிலேயே தகவல் வாங்கும் உறுப்பு. தெளிவாகப் பார்க்கும் பகுதி விழித்திரையின் நடுவில் மிகச் சிறியது, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான். அதனால் நாம் நொடிக்கு மூன்று நான்கு முறை கண்ணைத் தாவவிட்டுத் தாவவிட்டு உலகைத் துண்டுதுண்டாகப் பொறுக்கிக்கொள்கிறோம். இந்தத் தாவல்களில் பெரும்பாலானவை நாம் அறியாமலே நடப்பவை. இப்போது அதே கண்ணிடம் கையின் வேலையையும் கொடுத்தால், பார்த்ததெல்லாம் அழுத்தப்பட்டுவிடும். அமெரிக்கக் கணினி அறிஞர் ராபர்ட் ஜேக்கப் 1990 வாக்கில் இதற்குத் தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் மன்னனின் பெயரை வைத்தார். தீர்வு எளிமையானது: ஒரே இடத்தில் கண் சிறிது நேரம் நின்றால் மட்டுமே அதைத் தேர்வு என்று கருவி எடுத்துக்கொள்ளும். பழகியவர்களுக்கு அரை நொடி போதும். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு ஒன்றரை, இரண்டு நொடி வைப்பார்கள். நாம் ஒரு பொருளின்மேல் இயல்பாகக் கண்ணை நிறுத்துவது கால் நொடி. அதைப் போல ஆறு எட்டு மடங்கு நேரம் அசையாமல் பார்க்க வேண்டும். ஆசைப்பட்ட இனிப்பு பக்கத்துப் படத்தில் இருந்தாலும் அங்கே கண் ஓடக் கூடாது. பெரியவர்கள் அந்தப் பட்டைக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், இது எவ்வளவு களைப்பான வேலை என்று தெரியும்.

லண்டனில் ஜெனிஃபர் சார்ஜென்ட் என்ற குழந்தை மருத்துவரும் மைக்கேல் கிளார்க் என்ற பேச்சு மொழி ஆய்வாளரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்கள். பிள்ளை தண்ணீர்ச் சொம்பைப் பார்க்கிறாள் என்பதால் தண்ணீர் கேட்கிறாள் என்று ஆகாது. சொம்பில் வெளிச்சம் பட்டுப் பளபளத்திருக்கலாம். அதே பிள்ளை சொம்பைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்து, மறுபடி சொம்பைப் பார்த்தால், அது பேச்சு. தனக்கு ஒன்று வேண்டும், அதைத் தரக்கூடிய ஆள் எதிரே இருக்கிறார், அவருக்கு இதைத் தெரிவிக்க முடியும் என்ற மூன்றும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பேசும் குழந்தைகள் ஒரு வயதுக்குள் விரலை நீட்டிச் செய்யும் காரியம் இது. கை நீளாத குழந்தைக்கு அந்தப் பயிற்சி ஆயிரக்கணக்கான முறை தவறிப்போயிருக்கும். ஆகவே கண்ணால் காட்டக் கற்பது என்றால், முதலில் இந்த மூவழிப் பார்வையைக் கற்பது. இதற்குத் திரை தேவையில்லை, ஆள்தான் தேவை.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். ஒரு கரையின் நாடாவை நெசவாளரே தள்ளுவார், எதிர்க்கரையின் நாடாவைத் தள்ள மறுபக்கம் ஒரு துணை ஆள் உட்கார வேண்டும். நெசவாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் துணைக்கை இல்லாமல் கோர்வை ஓடாது. கண்ணால் பேசுவதும் அப்படி எதிரே ஆள் இருந்து நடக்கிற வேலை. பிள்ளை தன் பக்கத்து நாடாவைத் தள்ளினால் இந்தப் பக்கம் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும், அதற்குக் காத்திருக்கவும் வேண்டும்.

எளிய பலகை ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். போட்டோ சட்டம் போடும் கடையில் கிடைக்கும் கெட்டியான, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடு, செய்தித்தாளின் ஒரு பக்க அளவுக்கு. நடுவில் முகம் தெரியும்படி சதுரமாக ஒரு ஓட்டை. நான்கு மூலைகளில் நான்கு படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதுகோடு முதுகாக இன்னொரு பிரதி ஒட்டினால் இரண்டு பக்கமும் தெரியும். அப்பா பலகையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து ஓட்டை வழியே பிள்ளையைப் பார்க்கிறார். பிள்ளையின் கண் வலது மேல்மூலைக்குப் போனால், அப்பாவுக்கு அது இடது மேல்மூலையாகத் தெரியும். இந்த இடவலம் முதல் சில நாட்கள் எல்லோரையும் தடுமாற வைக்கும். பிள்ளை ஒரு மூலையைப் பார்த்து, மீண்டும் ஓட்டைக்குள் அப்பாவின் கண்ணைப் பார்த்தால் அதுதான் தேர்வு. அந்த நிமிடமே அது நடக்க வேண்டும்: தோசை என்று காட்டினால் தோசை வர வேண்டும். தவறுதலாகக் காட்டியிருந்தாலும் வரட்டும். தான் காட்டியதால்தான் உலகம் அசைந்தது என்று அவளுக்குத் தெரிவதே முதல் பாடம்.

தொடக்கத்தில் நான்கு படம்கூட அதிகம், இரண்டு போதும். ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்தது, மற்றொன்று அவளுக்கு அக்கறையே இல்லாதது, துவைத்த காலுறை மாதிரி. பிறகு இரண்டும் பிடித்தவை. படத்தை வைத்துவிட்டு எண்ணாமல் காத்திருக்க வேண்டும். சி.பி. உள்ள பிள்ளையின் பதில் பத்து நொடி, சிலசமயம் அதற்கும் மேல் கழித்து வரும். அதற்குள் நாம், “தண்ணி வேணுமா கண்ணு? டிவி போடவா? சரி, தண்ணிதான்” என்று மூன்று கேள்வி கேட்டு நாமே பதிலும் சொல்லிவிடுகிறோம். அவள் பக்கத்து நாடா தள்ளப்படாமலே நின்றுவிடுகிறது.

சென்னையில் இந்த வேலை பல காலமாக நடக்கிறது. பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி பின்னர் வித்யா சாகர் என்று பெயர் மாறியது. அங்கே பேச்சு வராத பிள்ளைகள் படங்களும் எழுத்துகளும் கொண்ட சார்ட்டைக் கண்ணாலும் கையாலும் காட்டிப் பேச, எதிரே இருப்பவர்கள் புரிந்துகொண்டு வாய்விட்டுச் சொல்வார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன் அந்தப் பிள்ளைகளோடு வேலை செய்து உருவாக்கியது ‘ஆவாஸ்’. படங்களைத் தேர்ந்தெடுத்தால் குரலாக ஒலிக்கும் கருவியாகத் தொடங்கி, பின்னர் டேப்லெட் செயலியாகி, தமிழிலும் வந்தது. இதற்காக 2011இல் எம்.ஐ.டி.யின் டெக்னாலஜி ரிவ்யூ இதழ் அவரை 35 வயதுக்குட்பட்ட சிறந்த புத்தாக்கர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரதீப்தா பிஸ்வாஸ் குழுவினரும் வித்யா சாகருக்கு வந்தார்கள். அவர்கள் முதலில் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விற்பனைக்குக் கிடைக்கும் மென்பொருளைத் திணிக்காமல், இந்த மாணவர்களின் கண் எப்படி அசைகிறது என்று அளந்தார்கள். கண் துடிப்பும் மாறுகண்ணும் இருப்பதால் திரையில் வைக்கக்கூடிய பொத்தான்களின் எண்ணிக்கைக்கே ஒரு வரம்பு உண்டு என்ற உண்மையிலிருந்து தொடங்கினார்கள். அவர்களின் ஆங்கில விசைப்பலகையில், கண் நிற்க வேண்டிய நேரம் தானே மாறிக்கொள்ளும். சாதாரண வெப்கேமராவால் பார்வையைக் கண்டுபிடித்து ஒரு இயந்திரக் கையை இயக்கும் அமைப்பையும் செய்தார்கள். பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்கும் வேலையை அங்குள்ள இளைஞர்கள் கண்ணாலேயே செய்தார்கள். வெப்கேமராவுக்கு அகச்சிவப்புப் பட்டையின் துல்லியம் கிடையாது. ஆனால் தனிப்பட்ட பேச்சுக் கருவியாக விற்கப்படும் ஐ-கேஸ் கணினிகளின் விலை பல லட்சம் ரூபாய் என்பதை நினைத்தால், இந்தத் திசையில் நடக்கும் ஆய்வு முசரவாக்கத்துக்கு நேரடியாகவே தேவை.

இனி காலக் கணக்கு. ஸ்வீடனில் மரியா போர்யெஸ்டிக் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில், இந்தத் துறையில் பெற்றோர் எல்லோரும் அறிய வேண்டியது. கடுமையான உடல் குறைபாடும் பேச்சின்மையும் கொண்ட, ஒன்று முதல் பதினைந்து வயது வரையிலான பத்துப் பிள்ளைகள். எல்லோரும் கருவிக்குப் புதியவர்கள். வீட்டிலும் பள்ளியிலும் அன்றாடம் பயன்படுத்தினார்கள். தேர்வு செய்யும் வேகம் ஐந்து மாதத்தில் கூடியது. குறி தவறாமல் தேர்வு செய்யும் திறன் கூடுவதற்கு 15 முதல் 20 மாதம் ஆயிற்று. பத்தே பிள்ளைகள் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் அந்த மாதக் கணக்கை யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ஒரு மையத்துக்குப் பஸ் மாறிப் போய், புது அறையில், புது ஆட்கள் முன்னால், இருபது நிமிடம் திரைக்கு எதிரே உட்கார வைத்துவிட்டு, “இவளுக்கு ஒத்து வராது” என்று முடிவு சொல்வது நடக்கிறது. ஒன்றரை வருடத்தில் வளரும் திறனை இருபது நிமிடத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பேசும் குழந்தைக்கு நாம் ஒரு வருடம் முழுக்கப் பேசிக் காட்டிய பிறகே அது முதல் சொல்லைச் சொல்கிறது. யாரும் ஆறாம் மாதத்தில் தேர்வு வைத்து அனுப்பிவிடுவதில்லை.

அந்த மாதங்களில் திரையில் நடப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தேர்வே கிடையாது. எங்கே பார்த்தாலும் அங்கே வண்ணம் தெறிக்கும், மணி அடிக்கும். பிள்ளை பார்வையை எடுத்தால் நின்றுவிடும். மறுபடி பார்க்கிறாளா என்பதுதான் கேள்வி. அடுத்து பெரிய உருவம் ஒன்று, பிறகு நகரும் உருவம், பிறகு இரண்டில் ஒன்று. விளையாட்டில் தேறிய பிள்ளையிடம் சொற்கட்டத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. பெரியவர்கள் தாங்கள் பேசும்போதும் அந்தக் கட்டங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். யாரும் பேசிக் கேட்காத மொழியைப் பிள்ளை மட்டும் எப்படிப் பேசும்?

எந்தச் சொற்களைக் கட்டத்தில் வைப்பது என்பதில் எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, தூக்கம் ஆகியவற்றை அம்மா கேட்காமலே அறிந்து வைத்திருக்கிறாள். அவற்றைச் சொல்லப் பிள்ளை கண் வலிக்க உழைக்க வேண்டியதில்லை. ‘வேண்டாம்’, ‘இன்னும்’, ‘போதும்’, ‘வலிக்குது’, ‘நீ செய்’, ‘ஏன்’, ‘எனக்குப் பிடிக்கலை’ ஆகியவை முதலிலேயே இருக்க வேண்டும். வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்குப் போய் வந்தால் யானையும் குடையும் இருக்க வேண்டும், பார்த்ததைப் பாட்டியிடம் சொல்வதற்கு. மறுப்பதற்கும் வம்பளப்பதற்கும் சொல் கிடைத்த பிள்ளைதான் அடுத்த சொல்லைத் தேடிக் கண்ணை ஓட்டுவாள்.

எழுத்துக்கு வரும்போது தமிழுக்கே உரிய வேலை காத்திருக்கிறது. 247 எழுத்தையும் திரையில் பரப்ப முடியாது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என்று 31 கட்டம் வைத்தால்கூட கண் துடிக்கும் பிள்ளைக்கு அது நெரிசல். ஆகவே முதலில் ஒரு குழு, அதற்குள் ஒரு எழுத்து என்று இரண்டு பார்வையில் ஒரு எழுத்தைப் பிடிக்க வேண்டும். ‘கொ’ எழுதக் ககர மெய்க்கு இரண்டு, ஒகரத்துக்கு இரண்டு, ஆக நான்கு பார்வை. ‘கொடு’ என்பதற்கு எட்டு. இரண்டாவது எழுத்திலேயே சொல்லை ஊகித்து நீட்டும் மென்பொருள் இருந்தால் பாதி உழைப்பு மிச்சம். அதுவும் ‘கொடுக்கவும்’ என்று நீட்டாமல் ‘குடு’ என்று, வீட்டில் பேசும் தமிழில் நீட்ட வேண்டும்.

முசரவாக்கத்துக் குடும்பம் எங்கே போகலாம்? மூளை முடக்குவாதம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் முட்டுக்காட்டில் தொடங்கப்பட்டது. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. கண், உட்காரும் நிலை, பேச்சு மூன்றையும் ஒரே வளாகத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறும் வழியைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் திறந்தது. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் அதன்படி வீடு தேடி வருகிறார்கள்.

அப்படி வரும் ஆசிரியர் அக்ரிலிக் பலகையைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அப்பா பிடித்தால் சொல்கிற பிள்ளை, தான் பிடித்தாலும் சொல்கிறாளா என்று பார்க்கட்டும். சொல்லவில்லை என்றால் படங்களை மாற்ற அவசரப்பட வேண்டாம். எதிரே உட்காரும் ஆட்களைக் கூட்ட வேண்டும்: அண்ணன், பாட்டி, தறிக்குத் துணைக்கு வருபவர், எதிர்வீட்டுப் பிள்ளைகள். நான்கு பேரிடமாவது அவளால் சொல்ல முடிகிறது என்று ஆன பிறகு, பட்டையும் திரையும் கேட்டு மனுப் போடலாம்.